18 பவளமும் 32 சதுர கிலோமீட்டரும்

மும்பை வொர்லியில் கடல் நன்றாக வற்றியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு பாறைப் பக்கம் இறங்கினேன். எழுபதைத் தாண்டியவர். தாராவிக்கு வந்து நாற்பது வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் தூத்துக்குடியில் வள்ளத்தில் போய்க் கல் எடுத்தவர். கல் என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: கடலுக்கடியில் கிடக்கும் முருகைக்கல். நாம் புத்தகத்தில் பவளப்பாறை என்று படிப்பது.

பாறை இடுக்கில் தேங்கிய நீரில், ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டினேன். குனிந்து பார்த்தார். தொடவில்லை.

"இதுவா? பொடிசா இருக்கே."

"இதுதான் பெரியப்பா. இந்த மாதிரி 18 கூட்டத்தைத்தான் ரோடு போடும்போது பேர்த்தெடுத்து வேற எடத்துல கொண்டுபோய் வெச்சாங்க."

"பதினெட்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அவர் காலத்தில் ஒரு வள்ளம் ஒரு நடையில் எத்தனை ஏற்றும் என்று எனக்குத் தெரியும். ஏன் சிரித்தார் என்று கேட்கவில்லை.

மும்பை கோஸ்டல் ரோடு வேலையின்போது, ஹாஜி அலியிலும் வொர்லியிலும் பவளக் கூட்டங்கள் இருப்பதாகக் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் கண்டறிந்தது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் 2020-ல் வனத்துறை அனுமதி வாங்கி, ஹாஜி அலியில் இருந்தவற்றைக் கொலாபா பக்கமும், வொர்லியில் இருந்தவற்றை அங்கேயே சற்றுத் தள்ளியும் மாற்றினார்கள். மொத்தம் 18 கூட்டங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பரப்பினாலும் அரை சதுர மீட்டர் தேறாது. செய்தித்தாள்கள் அதைப் பெரிதாகப் போட்டன.

மாதுங்காவில் மாதம் ஒருமுறை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். அங்கே இந்தப் பேச்சு வந்தபோது நண்பர் ஒருவர் கேட்டார்: "பவளத்தைப் பேர்த்து நட முடியும்னா, நம்ம ஊர்ல உடைச்சுப்போட்டதையும் நட்டு வளத்துட வேண்டியதுதானே?" கேள்வி நியாயமானது. பதில் ஒரு வரியில் இல்லை. மன்னார் வளைகுடாவில் நடந்ததை முழுசாகப் பார்த்தால்தான் அது கிடைக்கும். அதற்காகத்தான் இந்த நிகழ்வு ஆய்வு.

களம்

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே, கரையை ஒட்டினாற்போல 21 சின்னத் தீவுகள். தூத்துக்குடி, வேம்பார், கீழக்கரை, மண்டபம் என்று நான்கு குழுக்களாகப் பிரித்துச் சொல்வார்கள். 1986-ல் தமிழ்நாடு அரசு இதைக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தது. பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. கல்போன்ற எலும்பு கட்டும் பவளங்களில் இங்கே 117 இனங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தத் தீவுகள் பவளம் தந்த மணலாலும் உடைசலாலும் ஆனவை. தீவைச் சுற்றியுள்ள பார் (நம் மீனவர்கள் பவளத்திட்டை அப்படித்தான் சொல்வார்கள்) அலையை உடைக்கும். பார் போனால் அலை நேராகத் தீவின் காலைப் பிடித்து இழுக்கும். கல்லை எடுத்தவர்கள் தீவுக்கு அடியிலிருந்து செங்கல்லை உருவியிருக்கிறார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

எப்படி உடைந்தது

பெரியப்பா சொன்னது இது. விடியுமுன் கிளம்பினால் வெயில் ஏறுமுன் பாருக்குப் போய்விடலாம். இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீர். மூச்சடக்கி உள்ளே போய்க் கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினால் கல் கழன்று வரும். உருண்டையான கல்லுக்கு நல்ல விலை. கொம்பு மாதிரி கிளைத்து வளர்வதை யாரும் தனியாகக் கணக்கில் எடுப்பதில்லை, அது மிதிபட்டே நொறுங்கும். வெட்டிய கல் வழவழவென்று பிசுபிசுக்கும், ஒரு மாதிரி கவிச்சி அடிக்கும். கையில் கிழித்தால் புண் ஆற மாசக்கணக்கில் ஆகும். வலது உள்ளங்கையில் அந்த வெள்ளைக் கோடு இன்னும் இருக்கிறது. கரைக்கு வந்தால் காளவாசலுக்குப் போகும், சுண்ணாம்பாகும். வீட்டுக்கும், தொழிற்சாலைக்கும், வெற்றிலைக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பல்லாயிரம் டன் கல் இந்தக் கடலிலிருந்து வெளியேறியது.

"உசிரு உள்ளதுன்னு யாருக்குடா தெரியும்? கல்லுன்னுதான நெனச்சோம்."

அதை நான் நம்புகிறேன். பாதிப் பேருக்கு இன்றைக்கும் தெரியாது.

கல் எடுப்பது ஒரு வழி. மற்றது மீன்பிடியே. ஜெலட்டின் குச்சியில் திரி வைத்து மீன் கூட்டத்தின் மேல் எறிவது. நெட்டி என்று மீன் வியாபாரத்தில் சொல்லும் காற்றுப்பை அந்த அதிர்ச்சியில் வெடித்துவிடும். கொஞ்சம் மீன் மிதக்கும், நிறைய அடியில் போய்த் தங்கிவிடும். வெடி மீனைச் சந்தையில் தெரிந்தவர்கள் விடமாட்டார்கள்: கையில் எடுத்தாலே தொளதொளவென்று தொங்கும், முதுகெலும்பு உடைந்து உள்ளே ரத்தம் கட்டியிருக்கும். வெடி போட்டு மீன் பிடிப்பது 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். சட்டம் இருந்தது, கடலில் ஆள் இல்லை.

தள்ளுமடியும் உண்டு. அடித்தரையை வாரிக்கொண்டு போகும் வலை அது. பாருக்கு மேல் போனால் கொம்புப் பவளத்தைச் சீவிவிடும். அப்புறம் மீன்கூடு. கூடு ஒன்றும் செய்யாதென்று நினைப்போம். ஆனால் அது மிதக்காமல் இருக்கவும் மீன் சந்தேகப்படாமல் இருக்கவும் பக்கத்தில் உயிருள்ள பவளத்தை உடைத்து அதன் மேல் வைப்பார்கள். ஒரு கூட்டுக்கு நாலைந்து கல். தினமும்.

2003 முதல் 2005 வரை தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்வள ஆராய்ச்சி நிறுவனம் 21 தீவுகளையும் சுற்றி முக்குளித்துக் கணக்கெடுத்தது. ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர் பாரில் 32 சதுர கிலோமீட்டர் சீரழிந்து கிடந்தது. இரண்டு தீவுகள், பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும், கடலுக்குள் போயே போய்விட்டன.

சல்லி

விலங்குசல்லி, காரியாச்சல்லி. தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுப் பெயர்களிலேயே சல்லி ஒலிக்கிறது. பெயர் எப்படி வந்ததென்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. ஆனால் இந்த ஆய்வின் முடிச்சு அந்தச் சல்லியில்தான், நொறுங்கிக் கிடக்கும் பவளத் துண்டுகளில்தான் இருக்கிறது.

பவளம் தானாகப் பெருகுவதற்கு வழி இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் கொம்புப் பவளங்கள் மார்ச் மாத முழுநிலவை ஒட்டிச் சேர்ந்தாற்போல முட்டையும் விந்தும் விடும். கருவாகி, கேழ்வரகு மணியைவிடச் சின்னதாக மிதந்து, சில நாளில் கீழே இறங்கி இடம் தேடும். அதற்கு ஆடாத தரை வேண்டும். வழுவழு பாசி மூடாத, சுண்ணாம்புப் பாசி இளஞ்சிவப்பாகப் பூசிய கெட்டித் தரை என்றால் ரொம்ப நல்லது. வெடி போட்ட இடத்திலும் கடப்பாரை பட்ட இடத்திலும் அது கிடைப்பதில்லை. அங்கே இருப்பது விரல் நீளச் சல்லி. ஒரு குஞ்சு ஒட்டும். அடுத்த காற்றில் சல்லி புரளும். குஞ்சு அடியில் மாட்டிச் சாகும். அடுத்த வருஷமும் இதே கதை.

இந்தோனேசியாவின் கொமோடோ பகுதியில் வெடியால் நொறுங்கிய பார்கள் ஆண்டுக்கணக்கில் சல்லிக் காடாகவே கிடந்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சுற்றிலும் நல்ல பவளம் இருந்தும், குஞ்சுகள் வந்து சேர்ந்தும், பயன் இல்லை. பெரிய பாறைகளைக் குவியலாகப் போட்டபோதுதான் அவற்றின் மேல் பவளம் பிடித்தது.

ஆகவே "விட்டுவிட்டால் தானாக வந்துவிடும்" என்பது பாதிதான் சரி. கெட்டித் தரை மிச்சம் இருந்தால் வரும். சல்லியாகிவிட்டால் காத்திருப்பது வீண்.

நின்றது

2001-ல் கல்போன்ற பவளங்கள் எல்லாம் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அதற்கு முன் பூங்கா இருந்தும் கல் வந்துகொண்டுதான் இருந்தது. சட்டம் வந்த மறுநாளே கடப்பாரையைக் கீழே போட்டார்களா? இல்லை. 2004 டிசம்பர் சுனாமியில் நாகப்பட்டினம் என்ன ஆனது, இந்தக் கரை எவ்வளவு தப்பியது என்று மீனவர்கள் கண்ணால் பார்த்தார்கள். இலங்கை குறுக்கே நின்றது பெரிய காரணம். ஆனாலும் தீவும் பாரும் நம்மைக் காத்தன என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. 2005 வாக்கில் கல் எடுப்பது நின்றது என்று அங்கே தொடர்ந்து வேலை பார்ப்பவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நான் இதில் இன்னொன்றையும் சேர்ப்பேன். அந்தச் சமயத்தில் உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை கிராமக் குழுக்கள் அமைத்துச் சிறுகடன் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு தொழிலை விடு என்று சொல்பவன் அடுத்த வேளைக்கு என்ன வழி என்றும் சொல்ல வேண்டும். முழுசாகச் சொன்னார்களா என்றால் இல்லை. பெரியப்பா மாதிரி பலர் அதற்கு வெகுமுன்பே ரயிலேறிவிட்டார்கள்.

நின்றபின் என்ன ஆனது? 2005-ல் பாரின் பரப்பில் உயிருள்ள பவளம் சுமார் 37 சதவீதம். 2009-ல் சுமார் 43. நாலு வருஷத்தில் ஆறு புள்ளி. சின்னதாகத் தெரியும். நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த ஒரு பாரில் அது எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். இதில் பெரும்பங்கு யாரும் நடாமல் வந்தது.

நட்டது

நடவும் நடந்தது. சுகந்தி தேவதாசன் நிறுவனம் 2002-லிருந்தே செய்கிறது. உள்ளூர்க் கொம்புப் பவளத்தில் துண்டு எடுத்து, கான்கிரீட் பலகையில் கட்டி, கம்பிச் சட்டத்தின் மேல் வைத்து இறக்குவார்கள். வேகமாக வளரும் இனம் ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டர் வரை போகும். உருண்டைப் பவளம் ஒரு சென்டிமீட்டர் போனால் அதிகம். பெரியப்பா தேடித் தேடி நெம்பியது இந்த இரண்டாவது வகையை. ஒரு பானை அளவு கல் என்றால் அவர் தாத்தா காலத்தில் முளைத்ததாக இருக்கலாம்.

மாதுங்கா நண்பருக்காக ஒரு கணக்கு போட்டேன். சதுர மீட்டருக்கு நாலு துண்டு என்று சிக்கனமாக வைத்தாலும் 32 சதுர கிலோமீட்டருக்கு 12 கோடியே 80 லட்சம் துண்டு வேண்டும். ஒவ்வொன்றையும் ஒரு ஆள் தண்ணீருக்கடியில் கையால் கட்ட வேண்டும். துண்டு எடுக்கும் தாய்ப் பவளத்துக்கு எங்கே போவது? நடவு, பார் ஒன்றை உயிரோடு வைக்கும் விதைப்பண்ணை. காட்டையே அதால் திருப்பித் தர முடியாது.

இந்தோனேசியாவின் சுலவெசியில் வெடி போட்ட சல்லித் திடல்களில் மணல் பூசிய அறுகோண இரும்புச் சட்டங்களைச் சேர்த்துக் கட்டி நட்டதில், நாலே ஆண்டில் பவள வளர்ச்சி நல்ல பாருக்குச் சமமானதாக 2024-ல் ஓர் ஆய்வு வந்தது. அருமையான வேலை. அங்கே வேலை செய்தது துண்டு மட்டுமில்லை, சல்லியை ஆடாமல் பிடித்துவைத்த இரும்புச் சட்டமும்தான்.

வான் தீவு

தூத்துக்குடிக் கரையிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரம். எண்பதுகளில் சுமார் 16 ஹெக்டேர் இருந்த தீவு, 2014 வாக்கில் இரண்டு ஹெக்டேராகச் சுருங்கி, நடுவில் பிளந்து இரண்டாகிவிடும் நிலைக்கு வந்தது. மூன்றாவது தீவும் போகப்போகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

காலநிலை மாற்றத் தகவமைப்புக்கான தேசிய நிதியில், சென்னை ஐஐடியின் வடிவமைப்பில், பக்கங்களில் ஓட்டை விட்ட சரிவக வடிவக் கான்கிரீட் கூடுகளைத் தீவுக்குக் கடல்புறமாக இறக்கினார்கள். 2015-க்குப் பின் சில ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேல். ஓட்டைதான் சூட்சுமம். கெட்டிச் சுவராக வைத்தால் அலை அதில் மோதி அடிமணலைத் தோண்டிவிடும். ஓட்டை இருந்தால் அலை பாதி உள்ளே நுழைந்து களைத்துப்போகும், சுமந்து வந்த மணலைத் தீவுப் பக்கம் போட்டுவிடும். மீன் உள்ளே புகுந்து குடியேறும். மேலே பவளக் குஞ்சுக்கு ஆடாத தரை.

தீவின் சுருக்கம் நின்றது, கொஞ்சம் மணலும் திரும்பியது. கான்கிரீட்டின் மேல் இளம் பவளம் பிடித்திருக்கிறது, மீன் கூடியிருக்கிறது. 16 ஹெக்டேர் திரும்பவில்லை, திரும்பாது. அதே வழியைக் காரியாச்சல்லிக்கும் இப்போது உலக வங்கி உதவியோடு எடுத்துப்போகிறார்கள்.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். கடப்பாரை போட்டு எடுத்த கல்லுக்குப் பதில் கோடிக்கணக்கில் செலவழித்துக் கான்கிரீட்டைப் போடுகிறோம். அந்தக் கல்லுக்கு அன்றைக்குக் கிடைத்த கூலி பெரியப்பாவுக்கு நினைவிருக்கிறது, நான் இங்கே எழுதவில்லை.

வெயில்

இத்தனையும் ஒழுங்காகப் போனாலும் மேலே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். பவளத்தின் தோலுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குச் சோறு போடுவதும் நிறம் கொடுப்பதும். ஏப்ரல், மே மாதங்களில் நீர் முப்பது டிகிரியைத் தாண்டி நீடித்தால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். மழை வந்து சூடு தணிந்தால் சில தேறும், மற்றவை சாகும்.

2010-ல் அப்படி ஒரு சூடு. 43 சதவீதம் 33 வாக்கில் இறங்கியது. மெல்ல ஏறி 39 வந்தது. 2016-ல் அடுத்தது: 39-லிருந்து 23. நட்டதும் வெளுத்தது, தானாக வந்ததும் வெளுத்தது. கொம்பு வகைகள்தான் கொத்துக்கொத்தாகப் போயின; நடவுக்கு எல்லாரும் விரும்பி எடுக்கும் வகையும் அதுவே. உருண்டைப் பவளங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன. 2021-ல் 27 வரை மீண்டது. உலக அளவில் நான்காவது பெரும் வெளுப்பு நடப்பதாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

அப்படியானால் வெடியை நிறுத்தி என்ன பயன்? இந்தக் கேள்வியும் மாதுங்காவில் வந்தது. 2010-க்கும் 2016-க்கும் நடுவே பார் ஏறியதே, அதுதான் பயன். காய்ச்சலில் கிடந்தவனைக் கம்பால் அடிக்காமல் விட்டால் எழுந்திருப்பான். செத்த பவளத்தின் மேல் பாசி மூடாமல் கொறிக்கக் கிளிமீன் வேண்டும். வெடி போட்டால் கிளிமீனும் போகும். மெக்சிகோவின் காபோ புல்மோவில் ஊர்க்காரர்களே முன்நின்று 1995-ல் பூங்காவாக்கிக் காத்ததில், 1999-லிருந்து 2009-க்குள் மீன் எடை 460 சதவீதத்துக்கு மேல் கூடியது. காவல் நிஜமாக இருந்த இடம் அது.

யார் வயிற்றில்

காவல் என்றால் யாரைத் தடுப்பது என்ற கேள்வி வரும். பூங்கா எல்லை வரைபடத்தில் ஏறியபோது, காலங்காலமாகத் தீவைச் சுற்றிக் கடற்பாசி எடுத்த பெண்களும் சங்கு குளித்தவர்களும் ஒரே நாளில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். பெரிய விசைப்படகு கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் வரக்கூடாது என்று 1983-லேயே மாநிலச் சட்டம் போட்டார்கள். படகு வந்ததா, பிடிபட்டதா என்பது வேறு கதை. பாம்பன் சின்னப்பாலத்துப் பாசிப் பெண்கள் தாங்களே கூடி மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் லட்சுமிக்கு 2015-ல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கிடைத்தது. அதிகாரி போடும் கோட்டைவிட அந்தப் 12 நாள் கணக்கு எனக்கு உறுதியாகப் படுகிறது. மீறினால் பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள்.

மும்பை 18 கூட்டங்களுக்குத் திரும்புவோம். அவற்றை மாற்றி வைத்தது தப்பில்லை. பெரும்பாலும் பிழைத்திருந்தால் சந்தோஷம். ஆனால் அதைக் காட்டி, எங்கே வேண்டுமானாலும் கடலைத் தூர்க்கலாம், பவளத்தைத்தான் பேர்த்து நட்டுவிடுவோமே என்று யாராவது சொன்னால், மாதுங்காவில் போட்ட 12 கோடியே 80 லட்சத்தை நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு வொர்லியிலிருந்து டாக்ஸியில் திரும்பும்போது பெரியப்பா வெகுநேரம் பேசவில்லை. மாஹிம் தாண்டும்போது கேட்டார்:

"வெலங்குசல்லி இப்ப தண்ணி வத்துனா வெளிய தெரியுமாடா?"

"தெரியாது பெரியப்பா. வத்துனாலும் ஒரு மீட்டர் கீழதான் இருக்காம்."

"நாங்க அதுல எறங்கித்தான் கஞ்சி காய்ச்சுவோம். மூணு கல்லு கூட்டி அடுப்பு வெச்சிருந்தோம்."

கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"அந்த மூணும் முருகைக்கல்லுதான்."